ஒட்டு காயும் வரை

முதலில் காற்றுதான் வரும். தெருக்குழாயின் வாய்க்குள்ளிருந்து, தரைக்கடியில் நெடுந்தூரம் ஓடிக் களைத்துவந்த ஒருவர் மூச்சு வாங்குவதுபோல ஒரு சத்தம். அதன் பின்னால் ஒரு செருமல், மறுபடி காற்று, அப்புறம்தான் துருவின் நிறத்தில் ஒரு கை தண்ணீர். குழாயின் இரும்புக் கழுத்தில் காதை ஒட்டவைத்து அந்த மூச்சைக் கேட்டுச் சொல்வது சின்னப் பிள்ளையாக இருந்த வடிவின் வேலை, குடங்களை வரிசையில் நகர்த்துவது அக்கா கோமதியின் வேலை. 'வருது' என்று இவள் கத்தியதும் கோவில்பட்டியின் அந்தச் சந்து முழுக்கக் குடங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், பித்தளையும் எவர்சில்வரும் அலுமினியமும் தனித்தனிக் குரலில். அந்த மூச்சை அவள் எத்தனையோ வருடங்களாகக் கேட்டதில்லை. இப்போது குளியலறைச் சுவரோரம், தூக்கிப் பிடித்த தன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். மாடித் தொட்டியிலிருந்து இறங்கிவரும் பழைய பிளாஸ்டிக் குழாயின் முனை, காலையில் பொருத்திய புது வால்விலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டது. வால்வை மேல்நோக்கித் தள்ளி, முனையை மறுபடி அதன் வாய்க்குள் செருகி, செருகியது வெளியே வராதபடி அழுத்திக்கொண்டிருந்தாள். அழுத்தும்வரை தண்ணீர் விரலிடுக்கில் கசிந்து முழங்கைக்கும் அங்கிருந்து ரவிக்கைக்குள்ளும் ஓடும், அவ்வளவுதான். கையை எடுத்தால் தொட்டி முழுவதும் இறங்கிச் சாக்கடைக்குப் போய்விடும். அடுத்த அறையில், கட்டிலில் ஒருக்களித்துச் சாய்த்தபடி, கம்பித் தடுப்பு இறக்கிவிட்ட ஓரத்தில், இடுப்புக்குக் கீழே துணியில்லாமல் அக்கா படுத்திருந்தாள். முன்னால் ஒரு தலையணை முட்டுக் கொடுத்திருந்தது. இதோ வந்துட்டேன், ஒரு நிமிஷம், என்று சொல்லிவிட்டுத்தான் வடிவு வந்தாள்.

ஒரு நிமிஷம் என்று அவள் சொல்வது வழக்கம், அக்காவும் அதை நம்புவது வழக்கம். காலையில் குழாய்க்காரன் அந்தோணி வந்தபோதும் ஒரு நிமிஷ வேலை என்றுதான் சொன்னான். பழைய வால்வு பித்தளை, தலையில் சின்னச் சக்கரம் வைத்தது, வீடு கட்டிய நாளிலிருந்து அதே இடத்தில் இருப்பது. இரண்டு மாதமாக அது சுற்றச் சுற்றச் சுற்றிக்கொண்டே இருந்ததே ஒழிய மூடவில்லை, மூடாததால் சமையலறைக் குழாயும் கழிப்பறைக் குழாயும் இரவும் பகலும் சொட்டின, அந்தச் சொட்டைப் பிடிக்க வடிவு கிண்ணம் வைத்து, கிண்ணம் நிறைவதற்குள் விழித்துக்கொண்டு, தூக்கம் என்பதே கிண்ணத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையில் என்று ஆகிவிட்டது. அந்தோணி குழாயை விரலால் சுண்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். வெயிலும் வருஷமும் தின்று குழாய் சாம்பல் நிறம் போய்ப் பழைய எலும்பின் நிறத்துக்கு வந்திருந்தது. "டீச்சர், இது குழாய் இல்ல, அப்பளம். அறுக்கும்போதே நொறுங்கும், பாத்துக்கிடுங்க" என்றான். வடிவு டீச்சர் இல்லை, பெண்கள் கல்லூரியில் நூலகராக இருந்தவள், ஆனால் இந்தத் தெருவில் கண்ணாடி போட்டுப் புத்தகம் படிக்கிற யாரும் டீச்சர்தான். தொட்டியின் அடியில் இன்னொரு வால்வு வைக்காமல் விட்டது யார் என்று அவன் கேட்டான். அக்கா வைக்கவில்லை, ஒன்று போதும் என்று கொத்தனார் சொன்னார், அக்கா சம்மதித்தாள். இரும்பா பிளாஸ்டிக்கா என்று கேட்டபோது மட்டும் அக்கா யாரையும் கேட்கவில்லை. இரும்பு துருப்பிடிச்சுரும் வடிவு, இது நம்ம ரெண்டு பேருக்கும் அப்புறமும் இருக்கும் என்றாள். நமக்கு அப்புறம் யார் இருக்கிறார்கள், இருந்து இந்தக் குழாயைத் திறக்க, என்று வடிவு அப்போது கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டாள். அந்தோணி மாடிக்கு ஏறி, துணி சுற்றிய கட்டையைத் தொட்டிக்குள் விட்டு, தண்ணீர் இறங்கும் ஓட்டையை அடைத்தான். நேற்றுத்தான் நகராட்சித் தண்ணீர் வந்து தொட்டி நிரம்பியிருந்தது, நிரம்பிய தொட்டியை வடித்துவிட்டு வேலை பார்க்கலாம் என்று இந்த ஊரில் எந்தக் குழாய்க்காரனும் வாயெடுத்துச் சொல்லமாட்டான். அறுத்தான், துடைத்தான், மூக்கைத் துளைக்கிற வாசனையோடு பசையைப் பூசினான், புது வால்வைத் திருகாணிபோல ஒரு திருப்புத் திருப்பிச் செருகினான். நடுவில் அக்காவின் அறையை எட்டிப் பார்த்து, பெரியம்மா நல்லாருக்கீகளா என்று கேட்க, அக்கா இடது கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியை ஒருமுறை தட்டினாள். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. பேச்சும் வலது பக்கமும் போனபிறகு அக்காளும் தங்கையும் உண்டாக்கிக்கொண்ட மொழி அது. அந்தோணி சிரித்தான். பெரியம்மா ஒரு தட்டுல முடிச்சிருதாக, டீச்சருக்குத்தான் பத்து வார்த்தை வேண்டியிருக்கு என்றான்.

ஒட்டு காயும்வரை மேலே கட்டையை எடுக்காமல் விட்டுப் போயிருக்க வேண்டும், அது அவனுக்குத் தெரியும். மத்தியானமே எட்டயபுரத்தில் மச்சினன் வீட்டுக் கல்யாண வேலை இருக்கிறது, மறுபடி வந்து மாடி ஏற முடியாது, வால்வு மூடித்தானே இருக்கிறது, ஒண்ணும் ஆகாது என்று கட்டையை உருவிவிட்டான். போகும்போது வாசலில் நின்று, "விளக்கு வைக்கிற வரைக்கும் இதுல கை வைக்கப்படாது டீச்சர். அந்தோணியாரே வந்து தண்ணி கேட்டாலும் இல்லைன்னு சொல்லிருங்க" என்றான். அவள் சிரித்தாள். இரண்டு வாளி தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள், ஒரு பகல் தாங்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள். அக்காவின் வயிறு அந்தக் கணக்கைக் கேட்கவில்லை. அந்தோணியின் சைக்கிள் முனை திரும்புவதற்குள் முதல்முறை போனது. துடைத்து, கழுவி, விரிப்பை அலசி, புது விரிப்பு விரித்து நிமிர்வதற்குள் இரண்டாவது. இரண்டு வாளியும் தீர்ந்தபோது மூன்றாவது. முதுகுக்குக் கீழே சிவந்து தோல் உரிய ஆரம்பித்திருக்கிற இடம் ஒன்று இருந்தது. ஈரமோ அழுக்கோ அங்கே நிற்கக் கூடாது, நின்றால் குழி விழுந்துவிடும், குழி விழுந்தால் மூடாது என்று வாரம் ஒருமுறை வந்து பார்க்கிற நர்ஸ் சொல்லியிருந்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அசிங்கப்படும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள், மூடினால் தங்கை இல்லை என்று ஆகிவிடும்போல. சமையலறையில் தண்ணீர் இருந்தது. இதை வடிவு இப்போது, குழாயைப் பிடித்து நின்றுகொண்டு, முதல்முறையாகப் புரிந்துகொண்டவள்போல நினைத்தாள். சமையலறையில் மூடி போட்டு வரிசையாக ஆறேழு குடம் தண்ணீர் இருந்தது. ஆனால் அது குடிதண்ணீர். குடிதண்ணீர்க் குடத்தில் கழுவுகிற செம்பை விடுவது அவள் மனத்தில் ஒரு யோசனையாகக்கூட எழவில்லை. அது தவறு என்று தோன்றி அவள் தவிர்க்கவில்லை, அதைத் தண்ணீர் என்றே அவள் நினைக்கவில்லை. அம்மா செத்த வீட்டில்கூடக் குடிதண்ணீர்க் குடங்களை அடுத்த வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு குளிப்பாட்ட உப்புக் கிணற்றுக்கு ஆள் அனுப்பினார்கள். அதனால் வீட்டில் தண்ணீர் இல்லை என்று முடிவு செய்து, வாசற்கதவைத் தாழிட்டு, அக்காவைக் கழுவும்போது எப்போதும் தாழிட்டுவிடுவாள், குளியலறைக்கு வந்து, அரை வாளி, அரை வாளி போதும் என்று புது வால்வின் பிடியில் கை வைத்தாள். பிடி இறுக்கமாக இருந்தது. இரண்டு கையாலும் பலங்கொடுத்துத் திருகினாள். வால்வு திறக்கவில்லை, வால்வே திரும்பியது.

தண்ணீர் முகத்தில் அடித்ததும் அவள் செய்த முதல் காரியம் வாயை மூடியது, இரண்டாவது காரியம் பிடித்தது. பிடித்தபிறகுதான் யோசனை வந்தது, பிடித்த கை யோசனையைக் கேட்கவில்லை. கைக்கு இது பழக்கம். சொட்டுகிற இடத்தில் பாத்திரம் வைக்கும், ஒழுகுகிற இடத்தில் விரல் வைக்கும். ஸ்ரீவைகுண்டத்தில் வாழப்போனபோதும் இந்தக் கைதான் கூடப் போனது. அங்கே வீட்டுக்குப் பின்னால் ஆறு, இரவில் விழித்தால் ஆறு ஓடுவது கேட்கும், மாமியார் ஆற்றிலேயே பிறந்தவள்போல நடப்பாள். 'உங்க ஊர்ல செம்புக்குள்ளயே முங்கிக் குளிப்பீகளாமே' என்று பெண் பார்க்க வந்த அன்றே கேட்டவள் அவள். கல்யாணமாகிப் போனபிறகும் வடிவு ராத்திரி படுக்கும்முன் வீட்டிலிருக்கிற பாத்திரத்தையெல்லாம் நிரப்பி வைத்தாள், காப்பி டவரா உட்பட. வீட்டுக்காரர் முதல்நாள் சிரித்தார், அப்புறம் தானும் ஒரு குடம் எடுத்து நிரப்பினார், யார் கேட்டாலும் எனக்குத் தாகமெடுக்கும் என்றார். நல்லவர். மஞ்சள் காமாலையில் போனார், கடைசி நாட்களில் கண்ணின் வெள்ளையெல்லாம் மஞ்சள் அரளிப்பூ நிறத்துக்கு வந்துவிட்டது. இந்தக் குழாய் அந்த நிறமா, இல்லை, இது எலும்பு. தோள்பட்டையில் ஒரு நரம்பு சுண்டியது. கைகளைத் தலைக்கு மேலே தூக்கி இவ்வளவு நேரம் நிற்பது கோயிலில்கூட இல்லை. சாமி கும்பிடுகிறவள்போல நிற்கிறேன், யாரைக் கும்பிடுகிறேன், தொட்டியையா. தொட்டியில் இருப்பது அக்காவின் தண்ணீர். அடுத்த முறை வருவதற்கு எட்டு நாளோ பத்து நாளோ, இந்தச் சித்திரை வெயிலில் அதையும் சொல்ல முடியாது. லாரிக்குச் சொன்னால் இன்றைக்கு நாளைக்கு என்பார்கள். அதுவரை அக்காவை எதைக் கொண்டு கழுவுவது. ஆகவே பிடித்துக்கொண்டிருப்பது அக்காவுக்காக. விட்டுவிட்டு ஓடினாலும் அக்காவுக்காக. இரண்டும் அக்காவுக்காக என்றால் எதைச் செய்தாலும் சரிதான் என்று ஆக வேண்டும், ஏன் ஆகவில்லை. பசை இன்னும் கொஞ்சம் உள்ளே இருக்கும், அழுத்திப் பிடித்தால் பிடித்துக்கொள்ளும், கொஞ்ச நேரம், ஒரு நிமிஷம். ஈரத்தில் பசை ஒட்டாது என்று படித்தவளுக்குத் தெரியும். தெரிந்தது தலையில் ஓரிடத்தில் இருந்தது, கை இன்னோரிடத்தில் இருந்தது, நடுவில் வழியில்லை.

டம்ளர் தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று, நிற்காமல். அப்படித் தட்டினால் வா என்று அர்த்தம். வடிவு குரல் கொடுத்தாள். அவளுடைய குரல் எப்போதுமே பக்கத்து நாற்காலிக்குத்தான் போகும், நூலகத்தில் வளர்ந்த குரல். அக்காவின் குரல் அப்படியில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அக்கா தலையில் கம்பி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலத்தில், அந்தக் குரலைக் கேட்பதற்காகவே தூத்துக்குடிக்கு டிரங்க் கால் போட்ட தீப்பெட்டி முதலாளி ஒருவர் உண்டு என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். அவருக்குத் தூத்துக்குடியில் யாரையுமே தெரியாதாம். அக்கா அதைக் கேட்டு, மூணு நிமிஷத்துக்குக் காசு கட்டினார்ல, பேசிட்டுப் போகட்டும் என்பாள். அந்தக் குரல்தான் வடிவின் கணவர் போனபிறகு ஸ்ரீவைகுண்டத்துக்குப் பஸ் ஏறி வந்து, கூடத்தில் எல்லார் முன்னாலும், 'அழுறத நம்ம வீட்டுல வந்து அழு வடிவு. இங்க உனக்குத் தலைகாணிகூட ஒத்துக்காது' என்றது. வடிவு பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். வந்து அழுதாள். அக்கா கட்டிய வீட்டில், அக்கா போட்ட குழாய்த் தண்ணீரில் முகம் கழுவி, படித்து, வேலைக்குப் போய், ஓய்வு பெற்று, அக்கா கல்யாணம் செய்துகொள்ளாததை ஒருநாளும் கேட்காமல். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள். இனி கேட்டால் ஒரு தட்டு, இரண்டு தட்டு. "அக்கா" என்று கூப்பிட்டாள் வடிவு, தன்னால் முடிந்தவரை சத்தமாக. "குழாய் பிடுங்கிருச்சு. நான் பிடிச்சுட்டு நிக்கேன். விட்டா தொட்டி பூராவும் போயிரும்." தட்டுவது நின்றது. கேட்டுக்கொண்டிருக்கிறாள். "விட்டுட்டு வந்துரவா?" என்று கேட்டாள். டங். ஒன்றுதான். வடிவு இரண்டாவதற்காகக் காத்திருந்தாள். வரவில்லை. இடது கையும் இப்போதெல்லாம் சீக்கிரம் களைத்துவிடுகிறது, இரண்டு தட்ட நினைத்து ஒன்றோடு நின்றிருக்கும். அக்காவாவது, தண்ணீரை விடு என்று சொல்வதாவது, வரிசையில் குடத்தைத் தள்ளிவைத்த பெண்ணை இடுப்பில் இடித்துக் கீழே தள்ளியவள். "இனித் தண்ணி எப்ப வருமோ தெரியாதுக்கா. உன்னயத்தான் கழுவ முடியாது" என்றாள். டங். அதுவும் ஒன்று. தெளிவாக, அவசரமில்லாமல், எக்ஸ்சேஞ்சில் லைன் கொடுக்கும்போது இருந்த அதே நிதானத்தோடு. வடிவின் கை அசைந்தது, உடனே தண்ணீர் கையகலத்துக்குச் சீறித் தோளில் அடித்தது, கை தானாக இறுகிக்கொண்டது. அவள் கேள்வியை மாற்றினாள். நமக்கு வேண்டிய பதில் கிடைக்கும்வரை கேள்வியை மாற்றுவது படித்தவர்களின் கெட்ட பழக்கம் என்று அக்கா சொல்வதுண்டு. "கொஞ்ச நேரம் பொறுத்துக்கிடுதியா அக்கா?" டங். சற்று விட்டு, டங். இரண்டு. இல்லை என்று. வடிவு சுவரைப் பார்த்தாள். சுவரில் நீலத் தாமரை போட்ட ஓடு, அதில் ஒரு தாமரைக்கு மட்டும் இதழ் அச்சாகவில்லை. "இந்தா வந்துட்டேன்" என்றாள், அங்கேயே நின்றுகொண்டு.

தெருவில் யாராவது போகிறார்களா என்று காதைத் தீட்டினாள். மதியம் சாப்பிட்டுப் படுத்த நேரம். தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பெண்கள் திரும்ப இன்னும் நேரமிருக்கிறது. கோலமாவுக்காரர் காலையிலேயே போய்விட்டார். வந்தாலும் தாழிட்ட கதவு, உள்ளேயிருந்து நூலகத்துக் குரல். அப்போதுதான் போன் அடித்தது. கைபேசி அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில் இருந்தது, மருந்து டப்பாவுக்கும் வேப்பெண்ணெய்ச் சீசாவுக்கும் நடுவில். அந்தோணியாகத்தான் இருக்கும், கல்யாண வீட்டிலிருந்து மனசு கேட்காமல் கூப்பிடுகிறான், தொட்டீகளா டீச்சர் என்று கேட்க. அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அக்காவுக்கு ஒரு மணி அடித்து ஓய்வது ஆகாது, வேலையில் இருந்தவரை ஓயவிட்டதில்லை. வீட்டிலும் யார் வீட்டுப் போன் அடித்தாலும் ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டுவாள், எடுங்களேன், யாரோ காத்துக்கிட்டு இருக்காங்கல்ல என்பாள். அக்கா எடுக்காதே, என்று வடிவு நினைத்தாளா, எடு என்று நினைத்தாளா. பிறகு எவ்வளவோ தடவை அந்த இடத்துக்குத் திரும்பித் திரும்பி வந்து பார்த்தும் அவளால் சொல்ல முடியவில்லை. முக்காலி எட்டும் தூரம்தான், இடது கையை நன்றாக நீட்டினால். நீட்டினால் தலையணை நகரும். தலையணை நகர்ந்தால், என்று ஆரம்பித்த நினைப்பு முடியவில்லை, அதற்குள் மணி பாதியில் நின்றது. ஓய்ந்து நிற்கவில்லை, வெட்டி நின்றது. எடுத்துவிட்டாள். போனிலிருந்து எறும்பளவு குரல் ஒன்று, டீச்சர், ஹலோ, டீச்சர், என்றது. வடிவின் உடம்பு முழுக்க ஒரு குளிர்ந்த சந்தோஷம் ஓடியது. அந்தோணி, என்று கத்தினாள், அந்தோணி வா, குழாய் பிடுங்கிட்டு, வா. தண்ணீரின் இரைச்சலுக்கு மேலே அது போனதோ இல்லையோ, மறுபடி கத்தினாள், தொண்டை கிழிய, வாழ்க்கையில் இப்படிக் கத்தியதேயில்லை. கத்தலுக்கு நடுவில் எங்கோ மெத்தென்று ஏதோ விழுந்தது. தலையணை, என்று அவள் முடிவு செய்தாள். முட்டுக் கொடுத்த தலையணைதான். அதுதான் வழுக்குகிற உறை போட்டது.

அதற்குப்பிறகு அமைதியாக இருந்தது, அந்த அமைதி அவளுக்குப் பிடித்திருந்தது. வருவான். எட்டயபுரம் பக்கந்தானே. அக்கா போனை எடுத்துவிட்டாள், பேச்சில்லாத அக்கா, கை நீட்டி ஒரு லைனைச் சேர்த்துவிட்டாள். இதை நர்ஸிடம் சொல்ல வேண்டும். தட்டவும் இல்லை, களைத்துப்போய்த் தூங்கியிருப்பாள், வயிறு மூன்றுமுறை போனால் குழந்தையானாலும் தூங்கிவிடும். தூங்கட்டும். துணியில்லாமல் கிடக்கிறாளே, மின்விசிறிக் காற்று படும். எழுந்ததும் வெந்நீர் போட்டு நன்றாகக் கழுவி, அந்தச் சிவந்த இடத்தில் பவுடர் போட்டு, ரசஞ்சாதம் கரைத்துக் கொடுக்க வேண்டும். மேலே தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, நினைத்தால் மனசு நிறைகிறது. கைகள் இப்போது வலிக்கவில்லை, அவை தன்னுடையவை என்றே தோன்றவில்லை, யாரோ இரண்டு பேர் நின்று பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், இவள் அவர்களுக்கு நடுவில் சும்மா நிற்கிறாள். விரல் நுனிகள் துவைத்த துணிபோல வெளுத்துச் சுருங்கிவிட்டன. அக்கா, என்று ஒருமுறை மெல்லக் கூப்பிட்டாள். எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெல்ல. பதில் வராதபோது, பார்த்தாயா தூங்குகிறாள், என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனால் ஒரு பயம், தண்ணீரைப்போலவே, எங்கே விரலிடுக்கு இருக்கிறதோ அங்கே கசிந்தது. இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம். தலையணை விழும் சத்தம் அவ்வளவு கனமாகவா இருக்கும். இலவம்பஞ்சு. நனைந்த இலவம்பஞ்சு கனக்கும், நனைந்திருக்கும், ஆமாம் நனைந்துதான் இருக்கும். விட்டுவிட்டுப் போய்ப் பார். போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்து மறுபடி பிடிக்கலாம், எவ்வளவு போய்விடும், ஒரு அண்டா, இரண்டு அண்டா. போகிறேன். இதோ. இந்த மூச்சு விட்டதும். அடுத்த மூச்சு விட்டதும். ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் போகிறவளாகவே இருந்தாள், காலும் வாசற்பக்கம் திரும்பித்தான் இருந்தது. அந்தோணி வருகிற நேரம், வந்து பார்க்கும்போது தொட்டி காலியாகக் கிடந்தால் இவ்வளவு நேரம் பிடித்தது எதற்கு என்று ஆகிவிடும். பிடித்த நேரம் கூடக் கூட விடுவது கஷ்டமாகிக்கொண்டே போனது. முதலிலேயே விட்டிருந்தால் விட்டிருக்கலாம்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஓடியது. வெளிப்படி, நல்லவேளை, அக்கா கட்டும்போதே படியை வெளியே வைத்தாள். மேலே தொட்டி மூடி விலகும் ஓசை, கட்டை விழுந்து அடைக்கும் ஓசை. உள்ளங்கைக்குள் இருந்த மூச்சு மெலிந்து, ஒரு இழையாகி, நின்றது. வடிவு கைகளை இறக்கப் பார்த்தாள், இறங்கவில்லை. அப்படியே தூக்கிய கையோடு, ஈரம் சொட்டச் சொட்ட, கூடத்தைக் கடந்து வாசலுக்குப் போனாள். அக்காவின் அறையைத் தாண்டித்தான் போனாள், ஆனால் தாழ்ப்பாளைத்தான் பார்த்தாள். நெற்றியாலும் மணிக்கட்டாலும் தாழ்ப்பாளைத் தள்ளித் திறந்தாள். அந்தோணி கல்யாணச் சட்டையில் நின்றான், மார்பில் சந்தனம் தெறித்திருந்தது, மேல்மூச்சு வாங்கியது. முக்கால் தொட்டி தண்ணி அப்படியே இருக்கு டீச்சர், என்றான் முதலில், அவள் கேட்கப்போவது அதுதான் என்று தெரிந்தவன்போல. அப்புறம் அவள் தோளுக்கு மேலே உள்ளே பார்த்தான். "போனை எடுத்தது நீங்கன்னு நெனச்சேன். பேச்சே இல்ல, மூச்சும் பின்னால தண்ணி இரைச்சலும் மட்டும் கேட்டுச்சு. அந்த மூச்சு நீங்க விடுத மூச்சு மாதிரி இல்ல. அதான் மச்சினன் வண்டிய எடுத்துட்டேன்" என்றான். பெரியம்மா எங்க என்று கேட்டுக்கொண்டே போனவன், அறை வாசற்படியில் நின்று, சட்டென்று முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, சேலை எதாவது எடுங்க டீச்சர் என்றான்.

கோமதி கட்டிலுக்கும் முக்காலிக்கும் நடுவில் வலது பக்கமாகக் கிடந்தாள். கண் திறந்திருந்தது. கைபேசி அவளுடைய இடது கைக்குள் இருந்தது. வடிவு குனிந்து, இறங்காத கைகளை இறக்கி, அக்கா வலிக்கா என்று கேட்டாள். டம்ளர் எங்கோ கட்டிலுக்கடியில் உருண்டுபோயிருந்தது. கோமதி தங்கையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு அவளுடைய வெளுத்துச் சுருங்கிய விரல்களைப் பார்த்தாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அந்தோணி ஆட்டோ கூப்பிட ஓடினான். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. இந்த வயதில் அறுத்துச் சேர்ப்பது சரிவராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். முதுகுக்குக் கீழே அந்தச் சிவந்த இடம் அசைக்க முடியாமல் கிடந்ததில் குழியாகி, மூடாமல் புரையோடி, ஆனி கடைசியில் கோமதி இறந்துபோனாள்.